ராஜா தலைக் காசு

என் அப்பன் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து, ராஜா தலை போட்ட வெள்ளிக்காசு. வீட்டுக்கு வந்திருந்த புதுவாயல் அடகுக்கடைக்காரர் கோவர்தன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா தேறும், சேட்டு?” என்றான் என் பெரிய மகன் ஏழுமலை.

“வெள்ளி விக்கிற வெலைக்கு மூவாயிரம் போவும்.”

“பாதி எனுக்கு,” என்றான் சின்னவன் மதன்.

“ஆஸ்பத்திரிக்கு அழுதவன் நானு. எட்டிக்கூடப் பாக்காத உனுக்கு இன்னாடா பாதி?” எகிறினான் ஏழுமலை.

நான் பேசவில்லை. பேசினாலும் என் பேச்சு அந்த வீட்டில் என்றைக்கு எடுபட்டது?

என் மனைவி செல்லியம்மாள் காசைப் பிடுங்கினாள். “அவுரு கூடவே போவட்டும்டா!”

சந்தனம் குழைத்து, பெரியவன் பெயர்த்தெடுத்த இடத்திலேயே, என் நெற்றியில் மறுபடி ஒட்டினாள். கோவர்தன் தான் கொண்டுவந்த மாலையை அவசரமாக என்மேல் போட்டார்.

அவள் கண்ணீர் என் கன்னத்தில் சொட்டியது. துடைத்துவிட நினைத்தேன். கை எழவில்லை.