ஏப்பம் குறைந்தவள்

"இன்னைக்கும் மச்சக்காரிதான் ரொம்பக் கம்மி," என்றார் டாக்டரம்மா, கருவியைப் பார்த்தபடி. மாடுகளின் ஏப்பத்தில் வெளியேறும் மீத்தேனை மூலிகைப் பொடி குறைக்கிறதா என்பதுதான் சோதனை. இன்று கடைசி நாள்.

மாடுகளுக்குத் தீனி வைக்கும் தீவனக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கொட்டகையில் இருந்த பத்துப் பசுக்களில், நெற்றியில் மச்சமுள்ள இவளை மட்டும் கன்றிலிருந்தே வளர்த்தவர் அவர். சோதனை முடிந்ததும் ஒரு மாடு வெட்டுக்குப் போகும் என்று காதில் விழுந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்போ இவ பாஸாயிட்டாளாம்மா?"

"இவதாண்ணே ஃபர்ஸ்ட். மத்த ஒம்பதும் பண்ணைக்கே திரும்பிப் போகட்டும்."

"இவ?"

வாசலில் மூடிய வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. ரப்பர் ஏப்ரன் கட்டிய இருவர் இறங்கினார்கள்.

"பொடி உள்ளே என்ன பண்ணியிருக்குன்னு வயித்தைத் திறந்து பாக்கணும்ல? எந்த மாட்டுக்கு நல்லா வேலை செஞ்சுதோ, அதைத்தான் அறுப்போம்."

மச்சக்காரி வழக்கம்போல் தீவனக்காரரின் சட்டைப் பையை மூக்கால் முட்டினாள். மற்ற ஒன்பதின் பங்கிலிருந்தும் கிள்ளிக் கிள்ளி, யாருக்கும் தெரியாமல் தினமும் அவளுக்கு ஊட்டிவந்த பொடியில் இன்னும் ஒரு பிடி அந்தப் பையில் இருந்தது.