அண்ணன் கொடுத்தது

"இன்னும் உள்ள தள்ளு. நோட்டு வெளியே தெரியுது பாரு" என்று கிசுகிசுத்தான் பெயின்டர்.

அவன் மனைவி முக்காலியில் ஏறி நின்று, பரண்மேல் இருந்த காலி பெயின்ட் டப்பாவுக்குள் பணக்கட்டை அமுக்கினாள். அதன்மேல் ஒரு கந்தல் துணியைத் திணித்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பால்காரர்தான்.

திருட்டுப் பணம் இல்லை அது. அவன் அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த பணம். ஆனால் திருடியவன்கூட இப்படிப் பயந்து ஒளித்திருக்க மாட்டான்.

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து பெயின்டருக்கு வேலை இல்லை. அரசாங்கம் தரும் உதவித்தொகையில்தான் அடுப்பு எரிந்தது. கையிருப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் உதவியை நிறுத்திவிடுவார்கள். அண்ணன் கொடுத்தது அந்த வரம்பைத் தாண்டியிருந்தது.

அண்ணன் சொந்தமாக அச்சகம் வைத்திருப்பவர். சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, நின்றபடியே பணத்தை நீட்டினார். "முதல்ல ஒரு சக்கர நாற்காலி வாங்குடா. எத்தனை நாளைக்குச் சுவரைப் பிடிச்சிக்கிட்டு நடப்ப?"

காரைக் காணோமே என்று கேட்டதற்கு, மெக்கானிக்கிடம் கிடக்கிறது என்றார். புறப்படும்போது குரலைத் தாழ்த்தினார். "பேங்க்ல போட்டுடாத. உதவித்தொகை ஆபீஸ்காரங்க முதல்ல அங்கதான் நோண்டுவாங்க. நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத."

"உங்க அண்ணிக்குத் தெரியாம குடுக்கிறார் போல. நல்ல மனுஷன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மனைவி.

அந்த ஈரம் காய்வதற்குள் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்துவிட்டது. வருடாந்திர விசாரணை, நேரில் வர வேண்டும் என்றார்கள். பெயின்டருக்கு எதிர்வீட்டு லாரி டிரைவர் ஞாபகம் வந்தது. தங்கை அனுப்பிய பணத்தை மறைத்து மாட்டிக்கொண்டவர் அவர். உதவித்தொகையும் போய், அதுவரை வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டார்கள். இருந்த வீட்டையும் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார்.

அலுவலக வாசலில் வண்டியிலிருந்து அவனைக் கைத்தாங்கலாக இறக்கும்போது மனைவி மறுபடியும் சொன்னாள். "எது கேட்டாலும் இல்லைன்னு ஒரே வார்த்தை. உங்க வழக்கப்படி கதை அளந்துடாதீங்க."

உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தட்டினார். வாடகை, மருந்து, மின்சாரம் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். பெயின்டர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சொந்தக்காரங்க யாராச்சும் பணம் ஏதும் குடுத்தாங்களா?"

"இ..."

அதற்குமேல் நாக்கு எழவில்லை. அதிகாரி நிமிர்ந்தார். வெளியே மனைவி தலையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினாள். பெயின்டருக்கோ லாரி டிரைவரின் பூட்டிய வீடுதான் கண்ணில் நின்றது.

"குடுத்தாங்க மேடம்" என்றான். ஒருமுறை வாய் திறந்ததும் எல்லாமே கொட்டிவிட்டது. பெயின்ட் டப்பா, பரண், கந்தல் துணி, எதையும் விடவில்லை. "சக்கர நாற்காலி வாங்கத்தான் மேடம். இன்னும் தொடக்கூட இல்லை. நிறுத்திடாதீங்க. எங்களுக்கு வேற நாதி இல்லை."

அதிகாரி எழுந்து போய் உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். அதற்குள் பெயின்டர் வீட்டைக் காலி செய்து, பாத்திரங்களை மூட்டை கட்டி, மனைவியோடு தெருவில் நிற்பதுவரை யோசித்து முடித்திருந்தான்.

"நல்லவேளை நீங்களே சொன்னீங்க. மறைச்சிருந்தா எல்லாம் போயிருக்கும்" என்றபடி உட்கார்ந்தார் அதிகாரி. "சக்கர நாற்காலி மருத்துவச் செலவு. வாங்கிட்டு ரசீதைக் கொண்டு வந்து காட்டுங்க. இந்தப் பணத்தை நாங்க கணக்குல சேர்க்க மாட்டோம்."

"அப்போ நிறுத்த மாட்டீங்களா?"

"மாட்டோம். தண்ணி குடிங்க முதல்ல."

போன உயிர் திரும்பி வந்தது பெயின்டருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் புரியாமல் விழித்தாள்.

"குடுத்தவர் விவரம் சொல்லுங்க. பதிவு பண்ணணும்."

பெயின்டர் ஒரு கணம் தயங்கினான். மூச்சு விடாதே என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணியா வந்து இங்கே எட்டிப் பார்க்கப் போகிறார்? தம்பிக்குக் கொடுத்ததில் என்ன தப்பு? அச்சக முதலாளிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

"கூடப்பிறந்த அண்ணன் மேடம். அச்சகம் வெச்சிருக்கார், பெரிய கை" என்று நெஞ்சை நிமிர்த்திப் பெயரையும் முகவரியையும் சொன்னான்.

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அதிகாரி திரையை உற்றுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கையில சல்லிக்காசு இல்லைன்னு எழுதிக் குடுத்து, உங்க அண்ணனும் எங்ககிட்டதானே உதவித்தொகை வாங்குறார்?"