நமத்துப்போகும் கொம்பு

“ஒழுக வேண்டாம் ஆசாரியாரே, நமத்தாப் போதும்!”

தாசையன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். ஆனாலும், சாலைக் கம்போளக் கடைத்தெருவில் செம்புப் பட்டறை வைத்திருந்த பூதலிங்கம் ஆசாரி, யாரோ கெட்ட வார்த்தை சொன்னதைப்போலச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“முப்பது வருசமா இந்தக் கை செம்பு தட்டுது ஓய்! குடம், கிண்டி, அண்டா… எதிலயாவது ஒரு சொட்டுக் கசிஞ்சதுன்னு இந்தத் திருவனந்தபுரத்துல எவனாவது சொல்லட்டும். எங்கிட்ட வந்து, வச்ச மருந்து நனையுற மாதிரி வெடிமருந்துக் கொம்பு கேக்கீரே! வெளங்குமா?”

“வெளங்கக்கூடாதுங்கதுதானே என் பிரார்த்தனை!”

விஷயம் இதுதான். மராமத்து ஆபீஸ் குமாஸ்தா தாசையனுக்கு ரத்னாபாயைக் கட்டிக்கொள்ள ஆசை. ரத்னாபாய்க்கும் சம்மதம். குறுக்கே நின்றது அவளுடைய அப்பா திரவியம். நெடுமங்காடு தாண்டி மலையடிவாரம் வரைக்கும் பேர்பெற்ற வேட்டைக்காரர். பெண் கேட்டு வருகிறவனைக் கல்லாற்றுக் காட்டுக்கு வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்த பிறகுதான் அவர் பதில் சொல்வார். இதுவரை ஐந்து பேர் போனார்கள். ஐந்து பேருக்கும் “ஆள் சரிப்படாது” என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

தாசையனோ, கிறிஸ்மஸுக்குக் கோழி அறுக்கிற அன்றைக்கு வயிற்றுவலி என்று போர்த்திப் படுத்துக்கொள்கிறவன். ஆனால் வேதக்கோயில் முற்றத்தில் திரவியம், “தம்பிக்கு வேட்டைப் பழக்கம் உண்டோ?” என்று கேட்டபோது, ரத்னாபாய் பக்கத்தில் நின்றுவிட்டாள். “ஏதோ, ரெண்டு காட்டுப்பன்னி…” என்று அடக்கமாகச் சொல்லிவிட்டான். துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் சர்க்கார் லைசென்ஸ் கேட்கும். பொய்க்குக் கேட்காது.

“துப்பாக்கி அவரு தருவாராம். கொம்பு மட்டும் என் சொந்தமா இருக்கணுமாம். காஞ்ச மருந்தை அவரே தன் கையால அதுல போட்டுத் தருவாராம். விடியுறதுக்குள்ள அது நமத்துட்டா, நான் சுட்டாலும் வெடிக்காது. பழியைக் கல்லாத்துச் சாரல் மேல போட்டிருவேன். எனக்கு மானம் தப்பும், பன்னிக்கு உயிர் தப்பும்.”

“உள்ளதைச் சொல்லிரலாம்லா ஓய்?”

“சொன்னா ரத்னாபாய் கிடைக்கமாட்டாளே, ஆசாரியாரே.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை. ஆசாரி ஒரு செப்புத் தகட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“ஓட்டை போடமாட்டேன். அடியில ஒரு கள்ள அறை வைக்கேன். நடுத்தட்டுல கடுகளவு கடுகளவாக் கண்ணு. அறைக்குள்ள நீரு ஈரத்துணியை வச்சு மூடியைத் திருகிரும். ஈரம் கண்ணு வழியா ஏறி மருந்து நமத்துரும், வெளிய ஒரு சொட்டு வராது. என் பேரும் கெடாது.”

தகட்டை வெட்டிச் சுருட்டி, விளிம்பைப் பற்றவைத்தார். வளைக்கும்போது குழல் நெளிந்துவிடாமல் இருக்க உள்ளே அரக்கை உருக்கி ஊற்றினார். ஆறியதும் முழங்காலில் கொடுத்துக் கொஞ்சங்கொஞ்சமாக வளைத்தார். மறுபடி சூடுகாட்டி அரக்கை வடித்தார். ஒழுங்காக வேலை செய்கிற கொம்பென்றால் நாலு நாளில் முடிந்திருக்கும். உருப்படாத கொம்பை உருப்படியாகச் செய்ய ஒன்பது நாள் ஆயிற்று.

“கொள்ளாமா? நல்லாருக்கா?” என்றார் ஆசாரி.

தகதகவென்று மின்னிய கொம்பை இடுப்பில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்த தாசையன், தன்னைக் கண்டு தானே லேசாகப் பயந்தான்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை, கல்லாற்றுக் காட்டில் ஒரு புதருக்குப் பின்னால் மாமனாரும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு துப்பாக்கியோடு குந்தியிருந்தார்கள். எதிரே இருபதடி தூரத்தில் கொழுத்த பன்றியொன்று கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

“சுடும் தம்பி!”

எந்த வீரனுக்கும் வாய்க்காத தைரியத்தோடு தாசையன் குறிபார்த்து விசையை இழுத்தான்.

‘டிக்.’

பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிழங்குதான் முக்கியம் என்று குனிந்துகொண்டது.

“சே! சாரல்ல மருந்து நமத்துப்போச்சு போலிருக்கே!” மூன்று நாள் ஒத்திகை பார்த்த வருத்தத்தோடு தாசையன் சொன்னான்.

திரவியம் தம் துப்பாக்கியை உயர்த்தினார். தாசையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

‘டிக்.’

“நாசமாப் போற சாரல்!” என்று கத்தினார் திரவியம். பன்றி ஓடிவிட்டது. கூட வந்திருந்த காட்டு ஆட்களை, “எந்தப் பக்கம் போகுன்னு பாருங்கலே!” என்று விரட்டினார். அவர்கள் மறைந்ததும், தாசையன் இடுப்பிலிருந்த கொம்பைப் பிடுங்கிக் குலுக்கினார், முகர்ந்தார், அடியைத் திருகினார். ஈரத்துணி அவர் காலடியில் விழுந்தது.

தாசையன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“பொய் சொல்லிட்டேன் மாமா. எனக்குச் சுடத் தெரியாது, சுட மனசும் வராது. பொண்ணு தராண்டாம். ஆனா அவகிட்ட இதை நீங்க சொல்லாதீங்க, நானே சொல்லிக்கிடுதேன்.”

திரவியம் சுற்றுமுற்றும் பார்த்தார். துணியைக் குனிந்து எடுத்து உள்ளே திணித்து, மூடியைத் திருகி, கொம்பை அவன் இடுப்பில் தாமே மாட்டிவிட்டார்.

“வாற ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருதேன்.”

“மாமா…?”

“மெதுவாப் பேசும்! முன்னால வந்த அஞ்சு பேரும் குறி தப்பாமச் சுட்டுப்போட்டானுவ, மருமவனே. அதுல ஒருத்தனுக்குப் பொண்ணைக் குடுத்திருந்தா, முப்பது வருசமா நமத்த மருந்தைப் போட்டுக்கிட்டு ஒரு முயலைக்கூடச் சுட்டறியாத என் குட்டு அன்னைக்கே வெளியாயிருக்காதா?”