ரெஜினாவின் சொந்த முகம்

சேப்பாக்கத்தில் அன்று இறுதிப்போட்டி. பிரியாணிக் கடை ஒன்றுக்காக ஸ்டேடியம் வாசலில் நோட்டீஸ் கொடுத்த ரெஜினாவின் முகத்தில், இப்போது விளம்பரக்காரர்கள் எல்லோரும் போடுகிற மெல்லிய மின்படலம் ஒட்டியிருந்தது. எதிரே வருபவர் யாரைப் பார்க்க ஏங்குகிறாரோ, அவர் முகத்தை அது காட்டும். அந்த முகம் நீட்டுகிற நோட்டீஸை யார்தான் தட்டுவார்கள்? காலையிலிருந்து அவளை அம்மா என்றார்கள், பாப்பா என்றார்கள். ரெஜினாவை ஒருவரும் பார்க்கவில்லை.

டாஸ் போடும் நேரத்தில் சார்ஜ் தீர்ந்தது. படலத்தை உரித்துப் பையில் போட்டுவிட்டு அடுத்த நோட்டீஸை நீட்டினாள். வாங்கியவன் செல்வின், நான்கு வருடத்துக்கு முன் சண்டை போட்டுப் பிரிந்துபோன புருஷன்.

அவன் கண் கலங்கியது. "எந்த முக்குல நோட்டீஸ் குடுத்தாலும் என் ரெஜிதாங்க நிக்கிறா. போதும், காட்டாதீங்க."

"செல்வின், நான்தான்யா!"

"அடேங்கப்பா, இப்ப குரலும் வருதா?"

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நோட்டீஸை மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு கூட்டத்தோடு உள்ளே போனான்.

பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடியவளைக் கேட்டில் மறித்தார்கள். விளம்பரக்காரர்களுக்கு உள்ளே அனுமதி இல்லையாம்.