காற்றுக் குழாயில் ஒரு கசிவு

மாப்பிள்ளைக்கு மறுபடியும் ஏதோ குறை.

இன்ஜின் ரூமில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டிக்கு அதுதான் பட்டப்பெயர். சரக்குக் கப்பல் எப்படியும் கடலைக் கடந்து போய்வருகிறது, கூடவே இதுவும் வரட்டும் என்று வைத்தார்கள். கடல்நீரில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு, மேலே காற்றில் எவ்வளவு என்று போகிற வழியெல்லாம் அளக்கும். வேளாவேளைக்கு வடிகட்டியைக் கழுவ வேண்டும். உபசரிப்பு கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.

உபசரிக்கும் வேலை, இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர் தலையில்.

இப்போது கரையிலிருந்து புகார். கடல் கணக்கு சரி. காற்றுக் கணக்குதான் மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் எகிறுகிறது. குழாயில் எங்கோ கசிந்து, இன்ஜின் ரூம் புகையைக் குடிக்கிறதாம்.

“நாளைக்குத் துறைமுகத்துல அந்த ஆராய்ச்சி மேடம் ஏறுறதுக்குள்ள ஓட்டையைக் கண்டுபிடிங்கண்ணே. இல்லேன்னா உங்க ரிப்போர்ட்ல எழுதிடுவேன். அப்புறம் எந்தக் கப்பல்காரன் கூப்பிடுவான்?”

சொன்ன செகண்ட் இன்ஜினியருக்கு ஆயிலரின் மகன் வயசு.

வெளிக்காற்றை இழுத்துவரக் கப்பலின் முன்முனைவரை ஓடுகிற குழாய் அது. ஆயிலர் அதில் காற்றை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை பூசி, குமிழி வருகிறதா என்று கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். திரும்பி வந்து மறுபடி பூசினார்.

இருக்கிற ஓட்டையை அடைக்கலாம். இல்லாத ஓட்டையை எங்கே போய் அடைப்பது?

குழாயைப் பெட்டியோடு மாட்டிவிட்டு, சாயங்காலம் முன்முனைக்குப் போனார். குழாயின் வாய் கட்டியிருந்த கம்பத்தில், காற்றுக்கு மறைவாக, வழக்கம்போலச் சாய்ந்து நின்றார். இன்ஜின் சத்தம் எட்டாத, ஈ காக்கைகூட வராத இடம் கப்பலில் அது ஒன்றுதான்.

செகண்டின் ஏழு தலைமுறையில் தொடங்கினார். மாற்று ஆளை அனுப்பாமல் இழுத்தடிக்கும் ஏஜென்டைத் தொட்டு, மாற்று ஆள் வராமல் இறங்கக் கூடாது என்ற கேப்டனிடம் வந்து, மூச்சு முட்ட வைதுகொண்டிருந்தார்.

இடுப்பில் வாக்கி டாக்கியில் செகண்டின் குரல் அலறியது.

“அண்ணே, இப்ப ஏறுது! எங்க கைய வச்சீங்க?”

கையை அவர் எங்கேயும் வைக்கவில்லை.

தன் மூச்சு படும்படி உதட்டுக்கு ஒரு சாண் தள்ளியிருந்த குழாயின் வாயைப் பார்த்தார்.

மூன்று வாரம். மகளின் கல்யாணம் இவர் இல்லாமல் நடந்து முடிந்த அன்று சாயங்காலம்தான் முதன்முதலாக இங்கே வந்து நின்றார்.

தொண்டையில் இன்னும் நிறைய இருந்தது. விழுங்கினார்.

“கிடைச்சிருச்சு சார். அடைச்சாச்சு.”

அதற்குப் பிறகு கரை சேரும்வரை பெட்டியின் திரையில் காற்றுக் கணக்கின் கோடு ஏறவே இல்லை. ரிப்போர்ட்டில் நல்லபடியாகவே எழுதிவிட்டு, செகண்ட் முதல்முறையாக அவர் தோளில் தட்டினார்.

“அப்படி எங்கதான் இருந்துச்சுண்ணே?”

ஆயிலர் வாயைத் திறக்கவில்லை.