வெள்ளைக்கோடு வரை

இடுப்புயரப் பொம்மைத் தேவாலயம் வந்ததும் பெவர்லியின் வலது கை தானாகவே பிரேக்கைத் தேடிப் போனது.

வேண்டாம். இன்னும் இல்லை.

கையை இழுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

சின்ன ரயில் குடுகுடுவென்று ஓடியது. ஆள் நடக்கிற வேகம்தான்.

பின்னால் இருந்த இரண்டு பெட்டிகளில், குதிரையில் உட்காருவதுபோல் பன்னிரண்டு பேர். முதல் ஆளாகச் சிவப்பு மழைக்காலணி போட்ட ஒரு சிறுமி. அவளுடைய முழங்கால்கள் பெவர்லியின் முதுகில் இடித்துக்கொண்டே வந்தன.

"இன்னும் வேகமா போங்க" என்றாள் சிறுமி.

கடைசி இருக்கையில் கிளைவ். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பொம்மைக் கிராமத்தில் யார் ரயில் ஓட்டலாம், யார் ஓட்டக்கூடாது என்று சோதித்துச் சொல்பவர் இப்போது அவர்தான்.

ஏற்கெனவே இரண்டு முறை அவளை முடியாது என்று அனுப்பிவிட்டார். இரண்டு முறையும் ஒரே தப்பு. தேவாலயத்தைப் பார்த்ததுமே பிரேக் பிடித்துவிட்டாள். நிலையத்துக்கு வெகு முன்னாலேயே, மேசை அகலக் கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் வண்டி நின்றுபோனது.

"பெவ், ஸ்டேஷன் அங்க இருக்கு. இங்க நிறுத்தி யார ஏத்தப் போற? அந்தப் பொம்மை அம்பயரையா?" என்று அப்போது கேட்டார் கிளைவ்.

இன்று மூன்றாவது முறை. நான்காவது கிடையாது. தவறினால் இந்தக் கோடை முழுக்கப் பழைய வேலைதான். முழங்காலிட்டு, சாண் உயர மரங்களைக் கத்தரிக்கோலால் திருத்துவது. ஓடுகளில் காய்ந்த கடற்பறவை எச்சத்தைப் பல்துலக்கியால் தேய்ப்பது. நோயுற்ற குழந்தைகளின் இல்லத்துக்கு நிதி திரட்ட நடத்துகிற கிராமம். எந்த வேலையும் புண்ணியம்தான். ஆனால் சின்ன ரயில் கடந்துபோகிற ஒவ்வொரு முறையும் அவள் கத்தரிக்கோல் பாதி வெட்டில் நின்றுவிடும்.

ரொட்டிக்கடை போனது. வாத்துக்குளம் போனது. பாலம் போனது.

கை துடித்தது. இப்போதாவது பிடி என்றது.

பிடிக்கவில்லை.

நடைமேடையின் முதல் பலகை முன்சக்கரத்துக்கு நேராக வந்தது. அதற்குப் பிறகுதான் பிரேக்கைத் தொட்டாள். மெல்ல. இன்னும் கொஞ்சம்.

வண்டி நின்றது.

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். சிறுமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கிளைவ் இறங்கி வந்து, முட்டி கடகடக்கக் குனிந்து, வண்டி நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் நடைமேடை ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து பெவர்லியைப் பார்த்தார்.

"ஒரு விரக்கடைகூடப் பிசகல. போ, தேறிட்ட" என்றவர் படிவத்தை நீட்டினார். "இதுல ஒண்ணு மட்டும் எழுதாம விட்டிருக்க பாரு. இதுக்கு முன்னால ரயில் ஓட்டின அனுபவம்?"

பெவர்லி பேனாவை வாங்கினாள்.

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு இருபத்தொன்பது வருடம் விரைவு ரயில் ஓட்டியவள். மணிக்கு இருநூறு கிலோமீட்டர். ஒரு நிலையத்தில் நிற்க வேண்டுமென்றால், அது கண்ணில் படுவதற்கு முன்பே பிரேக்கில் கை வைத்தாக வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதுகுக்குப் பின்னால் ஐந்நூறு பேர் இருந்தார்கள், பூட்டிய கதவுக்கு அப்பால். அவர்களில் ஒருவர்கூடச் சிரித்து அவள் கேட்டதில்லை.

சிறுமி இன்னும் இறங்கவில்லை. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெவர்லி விசில் கயிற்றை இழுத்தாள்.