உள்ளே ஒரு வாய்ச் சோறு

மருத்துவமனை ஊழியர்களின் சாப்பாட்டு அறையில் சமையல்காரம்மா, லிஃப்ட்காரர், சலவைக்காரர், பிணவறைக்காரர், ஆக நான்கு பேர். மேசையில் பாதி வரை மத்தியான வெயில் கிடக்கிறது. பத்து வருடமாக வெளி பெஞ்சில் தின்றவர் பிணவறைக்காரர். இன்றாவது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடலாமென்று முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். டப்பாவைத் திறக்கிறார். சமையல்காரம்மாவின் தட்டு நகர்கிறது. "தப்பா நினைக்காதீங்கண்ணே, சோறு இறங்க மாட்டேங்குது." லிஃப்ட்காரர் சிரிக்கிறார். "உங்களைப் பாத்தாலே யாரு போய்ட்டாங்கன்னுதான் கேக்கத் தோணுது." பிணவறைக்காரர் சலவைக்காரரைப் பார்க்கிறார், சொந்தத் தங்கை புருஷன். அவர் தட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "வெளியில காத்தாவது வரும், மச்சான்." "சரி மாப்பிள்ளை." டப்பாவை மூடி, அது இருந்த இடத்தைத் தோள் துண்டால் துடைத்துவிட்டு எழுகிறார். இரண்டாவது காலும் வாசலைத் தாண்டியதும் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிறது.